முழங்காலுக்குக் குத்திய ஊசி முதுமையையும் தள்ளிப்போடுமா?

மாடிப்படி

எல்லோருக்கும் வணக்கம். வயது 61. வலது முழங்காலில் தேய்மானம் என்று மூன்று வருடமாகச் சொல்கிறார்கள். படி ஏறும்போது அவ்வளவு தெரியாது, இறங்கும்போதுதான் உயிர் போகும். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதால் அக்குபங்சருக்குப் போக ஆரம்பித்தேன். இதுவரை ஆறு முறை ஆகிவிட்டது. வலி பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வேறு. போன வாரம் ஊசி போடுகிறவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். ஊசி என்பது உடம்புக்கு நாம் கொடுக்கிற சின்னக் காயமாம், அந்தக் காயத்தை ஆற்றப் போகிற உடம்பு அப்படியே பக்கத்தில் இருக்கிற பழைய பழுதுகளையும் பார்த்துவிட்டு வருமாம், அதனால் கால் சரியான பிறகும் மாதம் இரண்டு முறை வந்துபோனால் முதுமையே தள்ளிப்போகும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மருமகனிடம் சொன்னேன். அவர் ஒரு படி மேலே போய், "மாமா, அதற்குப் பெயர் ஹார்மெசிஸ். ஐஸ் தண்ணீர்க் குளியல், நீராவி அறை, பதினாறு மணி நேரப் பட்டினி எல்லாமே அதே கணக்குத்தான், மொத்தமாகச் செய்யுங்கள்" என்று பத்து வீடியோ அனுப்பிவிட்டார். என் மனைவி, சும்மா இருக்கிற உடம்பை ஏன் வேண்டுமென்றே சீண்டுகிறீர்கள் என்கிறாள்.

ஊசி உண்மையிலேயே இந்த "சின்னக் காயம்" கணக்கில் வருமா? அப்படி வந்தால், ஒன்று நல்லது என்றால் நான்கு இன்னும் நல்லதுதானே? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விற்பனை செய்ய வருகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

தாவர வாத்தியார்

மாடிப்படி சார், உங்கள் மருமகன் சொன்ன வார்த்தை சரி, அதிலிருந்து அவர் போன இடம்தான் சரியில்லை. முப்பது வருடம் உயிரியல் பாடம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1888இல் ஹூகோ ஷுல்ஸ் என்ற ஜெர்மானியர் ஈஸ்ட்டைக் கொல்லக்கூடிய கிருமிநாசினிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். நிறைய ஊற்றினால் ஈஸ்ட் செத்தது, அது எதிர்பார்த்ததுதான். மிக மிகக் கொஞ்சமாக ஊற்றியபோது ஈஸ்ட் முன்பைவிடச் சுறுசுறுப்பாகப் புளிக்க ஆரம்பித்தது. அப்புறம் 1943இல் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் சவுதம், எர்லிக் என்ற இருவர் செந்தேவதாரு மரத்தின் சாற்றைப் பூஞ்சைகள் மேல் விட்டுப் பார்த்தார்கள். அங்கும் அதே கதை, அதிகச் சாறு வளர்ச்சியைத் தடுத்தது, கொஞ்சம் சாறு வளர்ச்சியைத் தூண்டியது. ஹார்மெசிஸ் என்ற பெயரை வைத்தவர்கள் இவர்கள்தான். கிரேக்கத்தில் "கிளப்பிவிடுவது", "உசுப்புவது" என்கிற மாதிரிப் பொருள்.

சரி, ஏன் உசுப்புகிறது? எனக்குப் பிடித்த கதை 1962இல் வந்தது. இத்தாலியில் ரிட்டோஸா என்ற ஆய்வாளர் பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்த யாரோ இன்குபேட்டரின் சூட்டைத் தெரியாமல் ஏற்றி வைத்துவிட்டார்கள். கெட்டுப்போன மாதிரி என்று தூக்கிப் போடாமல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். குரோமோசோமில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த சில இடங்கள் உப்பிப் பெரிதாகி வேலை செய்துகொண்டிருந்தன. அந்த இடங்களில் இருந்து வருகிறவைதான் பிற்பாடு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர் பெற்றன. சூட்டில் மற்ற புரதங்கள் மடிப்புக் கலைந்து கெட்டுப்போகாமல் பிடித்துக்கொள்வது இவற்றின் வேலை. லேசான சூடு இந்தக் காவலர்களை எழுப்பிவிடுகிறது. அவர்கள் உடனே தூங்கப் போவதில்லை, கொஞ்ச நேரம் விழித்திருப்பார்கள், அந்த இடைவெளியில் பெரிய அடி வந்தால் தாங்கும். அவ்வளவுதான் மொத்த ரகசியமும்.

டென்மார்க்கில் சுரேஷ் ராட்டன் என்பவர் மனிதத் தோல் செல்களை வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், 41 டிகிரியில் வைத்து வளர்த்தார். சும்மா வளர்ந்த செல்களைவிட அவற்றில் மூப்பின் அடையாளங்கள் குறைவாகச் சேர்ந்தன. இதயத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும். 1986இல் நாய்களுக்கு இதய ரத்தக்குழாயை ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, அதற்கு அப்புறம் நாற்பது நிமிடம் அடைத்தார்கள். அப்படிப் பழக்கப்படாத நாய்களோடு ஒப்பிட்டால் செத்துப்போன இதயத் தசை கால் பங்குதான்.

கவனியுங்கள், ஐந்து நிமிடம் அடைத்தார்கள், பிறகு திறந்துவிட்டார்கள். வாரம் இரண்டு முறை சுட வைத்தார்கள், மற்ற நேரம் விட்டுவிட்டார்கள். வீடியோக்களில் அடைக்கிற பாதியைத்தான் காட்டுவார்கள். திறந்துவிடுகிற பாதியை யாரும் படம் எடுப்பதில்லை, ஒரு ஆள் தூங்குவதைப் பத்து நிமிடம் யார் பார்ப்பார்கள்?

ஊசி இதில் வருமா என்று ஊசி பிடிக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஊசிக்காரன்

வாத்தியார் ஐயா என்னைத்தான் கூப்பிடுகிறார் போலிருக்கிறது. பதினான்கு வருடமாக அக்குபங்சர் செய்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "முதுமை தள்ளிப்போகும்" என்று சொல்லி நான் யாருக்கும் ஊசி போட்டதில்லை, போடவும் மாட்டேன். ஆனால் உங்களுக்குப் போடுகிறவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியைச் சொல்கிறேன்.

ஊசி உள்ளே போனதும் அதை இரண்டு விரலால் லேசாகத் திருகுவோம், பார்த்திருப்பீர்கள். அப்போது ஊசியை உள்ளே யாரோ பிடித்துக்கொண்டது போல் இருக்கும். உங்களுக்கு ஒரு கனம், மந்தமான இழுப்பு தெரியும், "தே சீ" என்று சீன மொழியில் சொல்வார்கள். அது கற்பனை இல்லை. ஹெலீன் லேன்ஜ்வின் என்ற ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். திருகும்போது தோலுக்கு அடியில் உள்ள இணைப்புத் திசு, முட்கரண்டியில் நூடுல்ஸ் சுற்றுவது போல, ஊசியைச் சுற்றிக்கொள்கிறது. அந்த இழுவிசை சுற்றி இருக்கிற செல்கள் வரைக்கும் போகிறது.

2010இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலியின் காலில் ஊசி போட்டுத் திருகியபோது அந்த இடத்தில் அடினோசின் சுமார் 24 மடங்கு ஏறியது. அடினோசின் என்பது திசுவுக்கு ஏதாவது அடிபட்டால் வெளியே வருகிற ஒரு பொருள், வலியை அடக்கும். அடினோசினைப் பிடிக்கிற ஏற்பி இல்லாத எலிகளுக்கு அதே ஊசி வேலை செய்யவில்லை. அதற்கும் முன்னால், 1976, 1977 வாக்கிலேயே, அபின் வகை மருந்துகளை முறிக்கிற நலோக்சோனைக் கொடுத்தால் ஊசி தந்த வலி நிவாரணமும் போய்விடுகிறது என்று எலியிலும் மனிதரிலும் காட்டிவிட்டார்கள். உடம்பே தனக்கான வலி மருந்தைச் சுரக்கிறது என்பது அதன் அர்த்தம். பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் மின்சாரம் கொடுத்த ஊசிகளை வைத்துச் செய்தது இன்னும் நுணுக்கமானது. வினாடிக்கு 2 துடிப்பு கொடுத்தால் ஒரு வகைச் சுரப்பு, 100 துடிப்பு கொடுத்தால் வேறு வகை.

ஆக, சின்னக் காயம், அதற்கு உடம்பின் பதில் என்பது வலி விஷயத்தில் நியாயமான பேச்சு.

அழற்சிக்கு வருவோம், ஏனென்றால் வயதாக ஆக உடம்பில் மெதுவாகப் புகைந்துகொண்டே இருக்கிற அழற்சிதான் பல வியாதிகளுக்கு வாசல். ஹார்வர்டில் ச்யூஃபு மா குழு 2021இல் ஒன்று காட்டியது. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அகலம் தள்ளி, கால் எலும்புக்கு வெளிப்பக்கம் "ஸூ சான் லி" என்று ஒரு புள்ளி (மாடிப்படி சார், உங்களுக்கு நிச்சயம் அங்கே போட்டிருப்பார்). எலிகளில் அதற்குச் சமமான இடத்தில் 0.5 மில்லியாம்பியர் என்ற மிக லேசான மின்சாரம் கொடுத்தபோது, ஒரு குறிப்பிட்ட நரம்பு வகை அதைப் பிடித்து, மூளையில் இருந்து உள்ளுறுப்புகளுக்குப் போகிற வேகஸ் நரம்பு வழியாக, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி அனுப்பி, அழற்சியைக் குறைத்தது. அந்த நரம்பு வகை பின்னங்காலின் ஆழமான திசுவில் நிறைய இருந்தது, வயிற்றுச் சுவரில் அப்படி இல்லை. அதனால் வயிற்றில் குத்தினால் அதே பலன் வரவில்லை.

இதற்கு முந்தின வருடம் அதே குழு செய்தது எனக்குத் தொழில் பாடமாகவே ஆகிவிட்டது. வயிற்றில் பலமான மின்சாரம் கொடுத்தார்கள். அழற்சி கிளம்புவதற்கு முன்னால் கொடுத்தால் எலிகளைக் காப்பாற்றியது. அழற்சி உச்சத்தில் இருக்கும்போது கொடுத்தால் நிலைமையை மோசமாக்கியது. ஊசியும் மின்சாரமும் அப்படியே இருக்க, நேரம் மாறியதும் பலன் தலைகீழானது. அதனால்தான் காய்ச்சலோடு வருகிறவரையும், இரவெல்லாம் தூங்காமல் வருகிறவரையும் அன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

எலி எலிதான், மனிதன் மனிதன்தான், அதையும் சொல்லிவிட்டேன்.

தராசுமுள்

ஊசிக்காரன் நேர்மையாகப் பேசுவதால் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் எலியில் இருந்து மாடிப்படி சாரின் முழங்காலுக்கு வருகிற வழியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, அதைத் தாண்டாமல் போனால் எப்படி?

ஜெர்மனியில் முழங்கால் தேய்மானத்துக்கென்றே ஒரு பெரிய பரிசோதனை நடந்தது, 2006இல் முடிவு வந்தது, சுமார் 1,000 பேர். ஒரு பிரிவுக்குச் சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பிரிவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில், மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு டாக்டர் ஆலோசனையும் வலி மாத்திரையும். மூன்று பிரிவுக்கும் பிசியோதெரபி உண்டு. ஆறு மாதம் கழித்துக் குறிப்பிட்ட அளவு முன்னேறியவர்கள், சரியான ஊசியில் 53.1%, பொய் ஊசியில் 51.0%, மாத்திரைப் பிரிவில் 29.1%.

இந்த மூன்று எண்ணையும் ஒரு நிமிடம் பாருங்கள். ஊசி ஆதரவாளர்கள் 53ஐயும் 29ஐயும் மட்டும் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவார்கள். எதிர்ப்பாளர்கள் 53ஐயும் 51ஐயும் மட்டும் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். இரண்டு பேரும் மிச்சம் ஒரு எண்ணை விழுங்கிவிடுகிறார்கள்.

2018இல் 39 பரிசோதனைகளில் இருந்து 20,827 நோயாளிகளின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் படம் கிட்டத்தட்ட இதேதான். ஊசி போடாதவர்களோடு ஒப்பிட்டால் நல்ல வித்தியாசம், பொய் ஊசியோடு ஒப்பிட்டால் சின்ன வித்தியாசம், ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வித்தியாசம். பலனும் ஒரு வருடம் கழித்துப் பெரும்பகுதி நிலைத்திருந்தது.

எல்லாம் வலிக்கான அளவு. வாரக் கணக்கு, மாதக் கணக்கு. முதுமை என்று சொல்வதற்கு அளக்க வேண்டியவை வேறு, பத்து இருபது வருடம் பின்தொடர வேண்டும். வலிக்காகக் கிடைத்த சான்றிதழைக் காட்டி ஆயுளுக்குக் கடன் வாங்கக் கூடாது.

ஊசிக்காரன்

தராசுமுள் நண்பரே, 51% பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பொய் ஊசியும் தோலைக் குத்துகிறது. புள்ளி தப்பு, ஆழம் குறைவு, ஆனாலும் அது குத்துதான். இந்த இழையின் பேச்சே சின்னக் காயம் பற்றியது என்றால், அந்த 51% பேருக்கும் சின்னக் காயம் கிடைத்திருக்கிறது அல்லவா? இன்னும் சின்னதாக.

தராசுமுள்

சாமர்த்தியமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிச் சொன்னால் உங்கள் புள்ளி வரைபடம், பதினான்கு வருடப் படிப்பு எல்லாம் எங்கே போகும்? எங்கே வேண்டுமானாலும் குத்தலாம் என்று ஆகிவிடும். நாற்பது நிமிடம் ஒரு ஆள் அக்கறையாகப் பக்கத்தில் இருப்பது, படுத்துக் கண்ணை மூடி ஓய்வெடுப்பது, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு, இதெல்லாமும் அந்த 51இல் இருக்கிறது.

ஊசிக்காரன்

இருக்கிறது. அதை நான் எப்போது மறுத்தேன்? வாத்தியார் சொன்ன திறந்துவிடுகிற பாதி அதுதானே. ஊசி குத்தும் நேரம் இரண்டு நிமிடம், மீதி அரை மணி நேரம் வருகிறவர்கள் குறட்டைதான் விடுகிறார்கள்.

விடியல் நாலுமணி

நான் விஞ்ஞானம் தெரிந்தவள் இல்லை. ஆனால் "ஒன்று நல்லது என்றால் நான்கு இன்னும் நல்லதா" என்ற கேள்விக்கு என் உடம்பே பதில், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 47. நான்கு வருடம் மாமியார் படுத்த படுக்கை, நான்தான் பார்த்துக்கொண்டேன். இரவில் மூன்று முறை எழ வேண்டும். அந்தச் சமயத்தில்தான் இந்த "உடம்பை உறுதியாக்கும்" பைத்தியம் பிடித்தது. நாலு மணிக்கு எழுந்து ஓட்டம், வந்ததும் குளிர்ந்த தண்ணீர், மதியம் ஒரு மணி வரை பச்சைத் தண்ணீர் மட்டும். முதல் ஒரு மாதம் பறக்கிற மாதிரி இருந்தது, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது மாதம் முடி கொத்துக் கொத்தாக வந்தது. மாதவிடாய் நின்றுபோனது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு படபடக்கும். சோர்வு வந்தால் இன்னும் கொஞ்சம் ஓடினால் சரியாகும் என்று ஓடினேன், அவ்வளவு புத்திசாலி நான். கடைசியில் படியில் மயங்கி விழுந்து நெற்றியில் ஐந்து தையல்.

அந்த டாக்டர் அம்மா கேட்ட ஒரே கேள்வி, இதில் எந்த நேரம் உங்கள் உடம்புக்கு ஓய்வு என்று நினைத்தீர்கள் என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. ராத்திரி கண் விழிப்பதும் காலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் உடம்புக்கு ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் ஏறுகிறது. ஒன்று நானாக எடுத்துக்கொண்டது, ஒன்று தலையில் விழுந்தது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் நிறுத்தினேன். மாமியாருக்கு வாரத்தில் மூன்று இரவு நாத்தனார் வந்தார். ஏழு மாதம் ஆனது பழையபடி ஆக.

தாவர வாத்தியார்

அம்மா, நீங்கள் விஞ்ஞானம் தெரியாது என்று சொல்லிவிட்டு விஞ்ஞானத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள். எலிசபெத் பிளாக்பர்ன் (2009இல் நோபல் வாங்கியவர்), எலிஸ்ஸா எப்பல் குழுவினர் 2004இல் 58 தாய்மார்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நீண்ட நாள் நோயுள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்கள். குரோமோசோமின் நுனியில் ஷூ லேஸின் முனைக்குப்பி மாதிரி டெலோமியர் என்று ஒன்று உண்டு, வயதாக ஆகக் குறையும். மன அழுத்தம் மிக அதிகமாக உணர்ந்த தாய்மார்களுக்கு, குறைவாக உணர்ந்தவர்களைவிடக் குறைந்தது பத்து வயது கூடின அளவுக்கு அது தேய்ந்திருந்தது. பார்த்துக்கொண்ட வருடம் கூடக் கூடத் தேய்மானமும் கூடியது.

அழுத்தம் நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் வராது. அது எப்போது முடிகிறது என்று கேட்டால்தான் வரும். முடியாமலே ஓடுகிற அழுத்தத்தால் சேர்கிற தேய்மானத்துக்கு அலோஸ்டாடிக் லோடு என்று 1993இல் ப்ரூஸ் மெக்யூவன் பெயர் வைத்தார். உங்கள் நெற்றித் தையல் அதற்கு நல்ல படம், வருத்தத்தோடு சொல்கிறேன்.

மாடிப்படி சாரின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் இரண்டு சேதி. 2009இல் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்து, பாதிப் பேருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். உடற்பயிற்சியில் கிளம்புகிற ஆக்சிஜன் கழிவுகளை வைட்டமின் துடைத்துவிடும், அதனால் இவர்களுக்கு இன்னும் நல்லது என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்தது எதிர். வைட்டமின் எடுக்காதவர்களுக்கு இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது, எடுத்தவர்களுக்கு அது வரவில்லை. உசுப்புகிற செய்தியையே துடைத்துவிட்டார்கள்.

2015இல் இன்னொன்று. பன்னிரண்டு வாரம் எடைப் பயிற்சி. ஒவ்வொரு முறை முடிந்ததும் ஒரு பிரிவு 10 டிகிரித் தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தது, மற்றது லேசாக சைக்கிள் மிதித்தது. தண்ணீரில் உட்கார்ந்தவர்களுக்குத் தசையும் பலமும் குறைவாக வளர்ந்தன. நல்லது ஒன்றும் நல்லது ஒன்றும் சேர்ந்து இரண்டு நல்லது ஆகவில்லை, ஒன்றின் காலை ஒன்று வாரிவிட்டது.

மாடிப்படி

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. விடியல் அம்மா எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு நாளாக வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை போடுகிறேன். போன வருடத்தில் இருந்து ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் உண்டு. இதை ஊசி போடுகிறவரிடம் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்ல வேண்டுமா?

அப்புறம் நீராவி அறை பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. மருமகன் வெகுநேரமாகக் காத்திருக்கிறார்.

ஊசிக்காரன்

சார்! அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். கட்டாயம் சொல்லுங்கள், அடுத்த ஊசிக்கு முன்னாலேயே. ரத்தம் உறையாமல் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஊசியே கூடாது என்று இல்லை, ஆனால் ஆழம், திருகல், எடுத்த பிறகு அழுத்திப் பிடிக்கிற நேரம் எல்லாம் மாறும். மூட்டுக்குள் போகக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருந்தால் மின்சார ஊசி கூடாது, அதையும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். நெஞ்சுப் பகுதியில் ஆழமாகக் குத்தி நுரையீரலில் காற்றுக் கசிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன, அரிது, ஆனால் உண்டு. உறை பிரிக்காத புது ஊசியா என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பாருங்கள். அவர் கோபித்துக்கொண்டால் இடத்தை மாற்றுங்கள்.

தராசுமுள்

ஐஸ் தண்ணீரை உங்கள் விஷயத்தில் மறந்துவிடுங்கள். சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் மூச்சு தன்னால் இழுக்கும், இதயம் வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் ஒரேயடியாக ஏறும். வாலிபருக்கு அது சாகசம், உங்களுக்கு ஆபத்து.

நீராவி அறைக்கு வீடியோக்காரர்கள் காட்டுவது பின்லாந்து ஆய்வு. அது உலர்ந்த சூட்டு அறை, நீராவி இல்லை, அது வேறு விஷயம். நடுத்தர வயது ஆண்கள் 2,315 பேரை இருபது வருடம் பின்தொடர்ந்தார்கள். வாரம் ஒரு முறை போனவர்களைவிட நான்கு முதல் ஏழு முறை போனவர்களில் மரணம் 40% குறைவு. மலைப்பான எண்தான். ஆனால் யாரையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு அனுப்பவில்லை, அவரவர் இஷ்டத்துக்குப் போனவர்கள். வாரம் ஏழு முறை சூட்டில் உட்காரத் தெம்பும் நேரமும் உள்ளவர் ஏற்கெனவே கொஞ்சம் ஆரோக்கியமானவராகத்தான் இருப்பார். அழுத்த மாத்திரை போடுகிறவர் சூட்டில் இருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், உங்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம்.

இவ்வளவையும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் வேண்டும் என்று ஒன்று சொல்கிறேன். 1990இல் காப்பகத்தில் இருந்த பத்து முதியவர்களுக்கு, சராசரி வயது 90, எட்டு வாரம் கால் தசைக்குக் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174% கூடியது. தொண்ணூறு வயதில்! 2014இல் இன்னும் பெரிய ஒன்று, 70 முதல் 89 வயது வரை 1,635 பேர், சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். நடையும் லேசான கால் பயிற்சியும் செய்த பிரிவில், 400 மீட்டர் நடக்க முடியாமல் போகிறவர்கள் 18% குறைவு. சின்னச் சின்ன அழுத்தம் முதுமைக்கு உதவுமா என்ற கேள்விக்கு மனிதரிடமே அளந்து கிடைத்த பதில் இது. வீடியோவில் எடுபடாது, நாற்காலியில் இருந்து எழுந்து எழுந்து உட்காருவதை யார் பார்ப்பார்கள்.

ஊசியால் வலி பாதி குறைந்திருக்கிறது என்றீர்களே, அந்தப் பாதியைச் சும்மா வைத்திருக்காதீர்கள். வலி குறைந்த காலைக் கொண்டு தொடைத் தசையை வளர்த்துக்கொண்டால், ஊசி நின்ற பிறகும் அது உங்களோடு இருக்கும்.

ஊசிக்காரன்

வழிமொழிகிறேன். என்னிடம் வருகிற முழங்கால்காரர்களுக்கு மூன்றாவது முறையில் இருந்தே நாற்காலிப் பயிற்சி சொல்லிவிடுவேன். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது, உட்காருவதுதான் முக்கியம், தொப்பென்று விழக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம், எண்ணிக்கையைக் குறையுங்கள். வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

மாடிப்படி

இன்று காலை செய்து பார்த்தேன். கையை ஊன்றாமல் நான்கு முறை எழுந்தேன், ஐந்தாவது முறை பாதியில் பயமாக இருந்தது, கை தானாகக் கீழே போய்விட்டது. மனைவி பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பத்து முறை எழுந்தாள், கொஞ்சமும் மூச்சு வாங்காமல். அவளுக்கு முழங்கால் வலி இல்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

மாத்திரை விஷயத்தைப் போனில் சொல்லிவிட்டேன். நல்லவேளை கேட்டீர்கள் என்றார், அவருக்கும் கேட்க மறந்திருந்தது போல. வியாழக்கிழமை மாத்திரைச் சீட்டோடு வரச் சொல்லியிருக்கிறார்.

மாதம் இரண்டு முறை வருவதைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. அரை மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் தூங்கக் கிடைக்கிற ஒரே இடம் அதுதான், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் அல்லவா?

விடியல் நாலுமணி

எடுங்கள் சார். நான் அதற்காகவே போவேன்.